வீட்டுக்கு வைஃபை பெட்டி: வாங்குமுன் யோசிப்போம், வைக்கும்போது கவனிப்போம்



ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் கேட்கும் நேரம் வந்தது. ஓர் உறுப்பினர் எழுந்து, "எனக்கு நாலாயிரம் ரூபா உள்கடன் வேணும்" என்றார். எதற்கு என்று கேட்டதும், "வைஃபை பெட்டி மாத்தணும். முன் ரூம்ல நெட்டு வருது, பின்னாடி வரலை. பாப்பா காலேஜ் பாடம் பாக்கிறப்ப நின்னு நின்னு போகுது. பெரிய பெட்டியா வாங்குங்கன்னு கடைக்காரர் சொல்லிட்டார்" என்றார்.

ஊக்குநர் உடனே தீர்மானம் எழுதவில்லை.

"ஏம்மா, இப்ப பெட்டி எங்க இருக்கு?"

"பீரோ மேலதான் அக்கா. பிள்ளைங்க கை படக்கூடாதுன்னு பின்னாடி தள்ளி வச்சிருக்கோம்."

"சரி, கடனை அடுத்த கூட்டத்துல பாக்கலாம். மொதல்ல பெட்டிய அங்கேருந்து எறக்கி, நடு வீட்டுல வச்சுப் பாரு."

அடுத்த கூட்டத்தில் அந்த உறுப்பினர் கடன் கேட்கவில்லை. நெட் போடும் தம்பி வந்து வயரை நீட்டி, பெட்டியை நடு அறைச் சுவரில் மாட்டிக் கொடுத்தார். கூலி 200 ரூபாய். பாப்பாவின் பாடம் இப்போது பின் அறையிலும் நிற்காமல் ஓடுகிறது.

நாலாயிரம் ரூபாய்க்குக் கடன் வாங்கி, வட்டியும் கட்டி, புதுப் பெட்டியையும் அதே பீரோ மேல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடன்தான் மிச்சம்! அதனால்தான் இந்த இதழில் வைஃபை பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம். மிக்சி, கிரைண்டர் வாங்கும்போது பத்து கேள்வி கேட்கிறோம். இதற்கு மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

பெட்டி என்ன செய்கிறது?

ஊர்க் குடிநீர் இணைப்பை நினைத்துக் கொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக் குழாய் வழியாக நம் வாசலுக்குத் தண்ணீர் வருகிறது. வாசலில் இருந்து சமையல்கட்டுக்கும் குளியலறைக்கும் நாம்தான் பிரித்துக் கொள்கிறோம். நெட்டும் அப்படித்தான். கம்பெனியில் இருந்து ஒரு லைன் வீட்டுக்கு வருகிறது. அதை வயர் இல்லாமல் வீட்டில் உள்ள போன், டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் ரூட்டர் என்கிற வைஃபை பெட்டி.

இப்போது பல ஊர்களுக்கு ஃபைபர் லைன் வந்துவிட்டது. ஃபைபர் என்பது முடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் வழியாகத் தகவல் வருகிறது. அந்த வெளிச்சத்தை நம் கருவிகளுக்குப் புரியும்படி மாற்ற ஒரு பெட்டி வேண்டும். அதை ஓ.என்.டி. என்பார்கள். பெரும்பாலும் கம்பெனி கொடுக்கும் ஒரே பெட்டி இரண்டு வேலையையும் செய்துவிடும். வெளிச்சத்தையும் மாற்றும், வைஃபையும் கொடுக்கும். அப்படி இருந்தால் தனியாக ரூட்டர் வாங்கத் தேவையில்லை. "இந்தப் பெட்டியிலேயே வைஃபை இருக்கா தம்பி?" என்று கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். தெருக் குழாயில் தண்ணீர் குறைவாக வந்தால், வீட்டில் எத்தனை பெரிய பித்தளைக் குழாய் மாட்டினாலும் தண்ணீர் கூடாது. அதேபோல லைனில் வரும் வேகத்தை எந்தப் பெட்டியும் கூட்டித் தராது. வந்த வேகத்தை வீணாக்காமல் பிரித்துக் கொடுப்பது மட்டும்தான் பெட்டியின் வேலை.

நமக்குத் தேவைதானா?

வீட்டில் ஒரே ஒரு போன், அதில் வாட்ஸ்அப்பும் கொஞ்சம் வீடியோவும் மட்டும்தான் என்றால் போன் ரீசார்ஜே போதும். மாதாமாதம் இன்னொரு செலவு எதற்கு? ஆனால் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் நெட் தேவைப்பட்டாலோ, பிள்ளைகள் ஆன்லைனில் படித்தாலோ, தையல், ஊறுகாய் என்று தொழில் செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்தாலோ வீட்டு இணைப்பு உபயோகமாக இருக்கும்.

உங்கள் பகுதிக்கு ஃபைபர் லைன் வரவில்லையா? சிம் கார்டு போடும் ரூட்டரும் கடையில் கிடைக்கிறது. ஆனால் செல்போன் டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்தில்தான் அது வேலை செய்யும். வாங்குவதற்கு முன், அதே கம்பெனி சிம் உள்ள போனை வீட்டுக்குள் வைத்து, காலை ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை வீடியோ ஓட்டிப் பாருங்கள். போனில் திக்கித் திணறினால் அந்த ரூட்டரிலும் அதே கதிதான்.

எத்தனை வேகம் போதும்?

நெட் வேகத்தை எம்.பி.பி.எஸ். என்று சொல்வார்கள். டாக்டர் படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்! ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்பதற்கான அளவு அது. தெளிவான ஒரு வீடியோ பார்க்க சுமார் 5 போதும். வீடியோ கால் பேச 2, 3 போதும். நாலு பேர் உள்ள வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தாலும் 20 தான் ஆகிறது. ஆகவே 30 அல்லது 40 வேகம் சாதாரணக் குடும்பத்துக்குத் தாராளம். 100, 200 என்று விளம்பரம் சொல்வதைக் கேட்டு மயங்க வேண்டாம்.

லைன் எடுக்கும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. மாதக் கட்டணத்தில் ஜி.எஸ்.டி. வரி சேர்ந்திருக்கிறதா? இணையச் சேவைக்கு 18 சதவீதம் வரி. 500 ரூபாய் பிளான் என்றால் கையில் இருந்து போவது 590 ரூபாய்.

2. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று டேட்டா அளவு உண்டா? அந்த அளவு தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும்?

3. பெட்டி யாருடையது? டெபாசிட் என்றால் இணைப்பை எடுக்கும்போது திரும்பக் கிடைக்குமா? ரசீது தருவார்களா?

4. வயர் இழுக்க, பெட்டி மாட்டத் தனிக் கூலி உண்டா?

5. ரிப்பேர் என்றால் யாரைக் கூப்பிடுவது? எத்தனை நாளில் வருவார்கள்?

பதிலை வாயால் கேட்டு விட்டுவிடாமல் நோட்டில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். நம் குழுவில் தீர்மான நோட்டு எதற்கு வைத்திருக்கிறோம்? அதே பழக்கம்தான்.

ஒரே பெட்டியில் இரண்டு பெயர் ஏன்?

போனில் வைஃபை தேடும்போது சில வீடுகளில் இரண்டு பெயர் காட்டும். ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். இதைப் பார்த்துப் பலரும் செல்போன் 5ஜி என்று நினைத்துக் கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. இங்கே 5ஜி என்பது 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற அலை. இன்னொன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை.

2.4 அலை தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. 5 அலை வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையில் டிவி பார்க்க 5 நல்லது. பின்கட்டிலும் வாசல் திண்ணையிலும் உட்கார 2.4 நல்லது. இரண்டையும் தரும் பெட்டியைத்தான் 'டூயல் பேண்ட்' என்கிறார்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண டூயல் பேண்ட் ரூட்டர் பொதுவாக 3,000 ரூபாய்க்குள்ளேயே கிடைத்துவிடும். நாலு கொம்பு, ஆறு கொம்பு என்று ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து விலை கொடுக்க வேண்டாம்.

எங்கே வைப்பது?

இதுதான் முக்கியம். பெட்டியில் இருந்து வரும் அலை விளக்கு வெளிச்சம் மாதிரி நாலு பக்கமும் பரவுகிறது. விளக்கை வீட்டின் மூலையில் வைத்தால் பாதி வெளிச்சம் தெருவுக்குத்தான் போகும். அதனால்:

வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். தரையில் வைக்க வேண்டாம்.

பீரோ, குதிர், தகர டிரங்குப் பெட்டி, ஃபிரிட்ஜ் இவற்றின் பக்கத்திலோ பின்னாலோ வேண்டாம். இரும்பும் தகரமும் அலையைத் தடுத்துவிடும். தகர ஷீட் வைத்து அறை பிரித்த வீடுகளில் ஷீட்டுக்கு அந்தப் பக்கம் சிக்னல் குறையும். தண்ணீரும் அலையைக் குடித்துவிடும். எனவே தண்ணீர்த் தொட்டி ஓரமும் வேண்டாம்.

பழைய வீடுகளின் கனமான மண் சுவரும், கான்கிரீட் சுவரும் சிக்னலைக் குறைக்கும். முடிந்தவரை கதவு நிலைக்கு நேராக வைத்தால் அந்த வழியாகவாவது உள் அறைக்குப் போகும்.

பெட்டி சூடாகும். தூசி படாமல் இருக்கட்டும் என்று துணி போட்டு மூடக்கூடாது. அடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படும் இடமும் ஆகாது.

ஃபைபர் வயரை மடிக்காதீர்கள், முடிச்சுப் போடாதீர்கள், அதன் மேல் ஆணி அடிக்காதீர்கள். உள்ளே கண்ணாடி, ஒடிந்தால் போச்சு. வயரின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

லைன் போட வரும் தம்பிக்கு நேரம் இருக்காது. கதவோரம் வயர் நுழையும் இடத்திலேயே மாட்டிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். அப்போதே, "தம்பி, நடு ரூம்ல மாட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்று கேளுங்கள். பிறகு கூப்பிட்டால் தனிக் கூலி.

வீட்டுக்குப் பூட்டு, வைஃபைக்குப் பாஸ்வேர்டு

"நம்ம வீட்டு நெட்டுல என்ன திருடப் போறாங்க?" என்று கேட்கும் அக்காமார் உண்டு. நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சற்று முன்னால் பத்திரிகை, டிவி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எந்த இணைப்பில் இருந்து வந்தது என்று தேடிய போலீஸ், நவி மும்பையில் ஒரு வீட்டுக்குப் போய் நின்றது. கம்ப்யூட்டர்களை எடுத்துப் போய் விசாரித்தார்கள். அந்த வீட்டுக்காரருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சரியான பாதுகாப்பு இல்லாத அவர் வீட்டு வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள்.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு, நம் வைஃபை வழியாக யார் எது செய்தாலும் நம் இணைப்பில் இருந்து வந்ததாகத்தான் தெரியும். இணைப்பு நம் பெயரில், நம் ஆதார் கொடுத்து வாங்கியது. பதில் சொல்ல வேண்டியவரும் நாம்தான். பயப்பட வேண்டாம். பூட்டுப் போட்டால் போதும். பத்து நிமிட வேலை:

1. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற ஓர் எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

2. போனை அந்த வைஃபையில் சேருங்கள். பிறகு குரோம் போன்ற பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி இடத்தில் அந்த எண்ணை அடியுங்கள். பெட்டியின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும்.

3. உள்ளே போக யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அதுவும் சீட்டில் இருக்கும். இல்லாவிட்டால் லைன் போட்டவரிடம் கேளுங்கள். சில கம்பெனிகள் தங்கள் செயலியிலேயே மாற்ற வழி கொடுக்கின்றன.

4. 'வயர்லெஸ்' என்ற இடத்துக்குப் போய் வைஃபை பெயரை மாற்றுங்கள். வீட்டுப் பெயர், கதவு எண், போன் நம்பர் எதையும் அதில் வைக்க வேண்டாம்.

5. 'செக்யூரிட்டி' என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்று இருக்க வேண்டும். 'ஓபன்' அல்லது டபிள்யூ.இ.பி. என்று இருந்தால் பூட்டு இல்லாத மாதிரிதான். மாற்றிவிடுங்கள்.

6. புதிய பாஸ்வேர்டு போடுங்கள். குறைந்தது எட்டு எழுத்து வேண்டும், பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் நல்லது. பிள்ளை பெயரும் பிறந்த வருடமும் தெருவுக்கே தெரியும். அது வேண்டாம். முருங்கை, திண்ணை, கொலுசு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து, நடுவில் ஒரு எண் வையுங்கள். நமக்கு மறக்காது, பிறருக்குத் தெரியாது.

7. செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போகும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கம்பெனியில் இருந்து வந்தபடியே 'அட்மின், அட்மின்' என்று விட்ட கேமராக்கள், ரூட்டர்களை எல்லாம் 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் லட்சக்கணக்கில் பிடித்து, மற்றவர்களைத் தாக்கப் பயன்படுத்தியது.

பாஸ்வேர்டு மாற்றியதும் வீட்டில் உள்ள எல்லாப் போனும் துண்டித்துப் போகும். பயப்பட வேண்டாம். புதியதைப் போட்டுச் சேர்த்தால் சரியாகிவிடும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி பீரோவுக்குள் வையுங்கள். பெட்டிக்குத்தான் பீரோ ஆகாது, பாஸ்வேர்டுக்கு ஆகும்!

பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது ரீசெட். அதை அழுத்தினால் நாம் மாற்றியது மட்டுமல்ல, லைனுக்காகக் கம்பெனி போட்ட செட்டிங்கும் அழிந்து நெட்டே நின்றுவிடலாம். லைன்காரரைக் கேட்காமல் அழுத்தாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டால்?

"பரீட்சை இருக்கு சித்தி, பாஸ்வேர்டு குடுங்க" என்று கேட்டால் மறுக்க மனம் வராது. உதவலாம். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தது பத்துப் பேர் போனுக்குப் போய்விடும். நெட் மெதுவானால், யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று அதே செட்டிங்ஸ் பக்கத்தில் பார்க்கலாம். பல பெட்டிகளில் 'கெஸ்ட்' என்று விருந்தாளிக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு வைக்கும் வசதி உண்டு. பரீட்சை முடிந்ததும் அதை மட்டும் நிறுத்திவிடலாம். மனஸ்தாபமும் வராது.

கரண்ட் போனால்? இடி இடித்தால்?

பெட்டி ஓட சுமார் 10 வாட் கரண்ட் தேவைப்படும். நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு ஏழு யூனிட் அளவுதான். கரண்ட் போனால் பெட்டி நின்றுவிடும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில், ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். வாங்கலாம். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பது போல இருக்கும். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் கூடினால் பெட்டி கருகிப் போகலாம்.

இடி மின்னல் என்றால் அடாப்டரைப் பிளக்கில் இருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

நெட் வரவில்லையா? கூப்பிடும் முன் பாருங்கள்

பெட்டியை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் லைனில்தான் கோளாறு, கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். விளக்குகள் சரியாக இருந்தும் பின் அறையில் மட்டும் வரவில்லை என்றால் இடத்தில்தான் கோளாறு. பெட்டி பக்கத்தில் நின்று பார்த்தும் மெதுவாக இருந்தால், லைனையும் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும், வீடு நீளமாக இருப்பதாலோ மாடி இருப்பதாலோ எட்டவில்லை என்றால் அப்போது இன்னொரு பெட்டி வாங்கலாம். முதல் பெட்டியில் இருந்து லேன் கேபிள் இழுத்து இரண்டாவது பெட்டிக்குக் கொடுப்பதே நல்ல வழி. அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பிளக்கில் சொருகும் 'ரிப்பீட்டர்' மலிவுதான். ஆனால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும்.

முடிவாக

முதலில் இடம், பிறகு பூட்டு, கடைசியில்தான் பணம். இந்த வரிசையை மாற்றினால் நஷ்டம் நமக்குத்தான். பத்து ரூபாய், இருபது ரூபாயாகச் சேர்த்த சேமிப்பில் இருந்து வருவதுதான் உள்கடன். ஆடு வாங்கவும், ஃபீஸ் கட்டவும், ஆஸ்பத்திரிக்கும் அது தேவைப்படும். பெட்டியை இறக்கி வைத்தாலே தீரும் குறைக்கு அதைச் செலவழிக்க வேண்டாமே!

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

நம் குழுவில் எத்தனை வீட்டில் வைஃபை இருக்கிறது? பெட்டி எங்கே இருக்கிறது? வாங்கிய நாளில் இருந்து பாஸ்வேர்டை மாற்றியவர்கள் எத்தனை பேர்? செட்டிங்ஸ் மாற்றத் தெரிந்த உறுப்பினரோ, படிக்கிற பெண் பிள்ளையோ இருந்தால், கூட்டம் முடிந்ததும் ஒரு வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்து பாருங்கள். ஒருவர் கற்றால் பத்துப் பேருக்குச் சொல்லலாம்.